மூட்டைக்கு எத்தனை மைல்

காளப்பநாயக்கன்பட்டி,
7-11-1943

அன்புள்ள ராசாமணிக்கு,

சாமியப்பன் எழுதுவது. இங்கே சுகம். மலைக் குளிருக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. இனி சேதியைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வீடு ஓடிவிட்டது. நேற்றுக் காலை சேந்தமங்கலம் வரை போய்த் திரும்பியது. பெட்ரோல் கூப்பன் கிடைக்காமல் கொட்டகையில் முடங்கிக் கிடந்த அந்தப் பழைய பஸ்ஸை நான் வாங்கியபோது, நம் சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் அல்லவா? நேற்று அவர்களே வழிநெடுக நின்று வேடிக்கை பார்த்தார்கள். வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, விசிறியைச் சுற்றினால் அரை மணியில் வாயு கிளம்புகிறது. அந்த வாயுவில் எஞ்சின் ஓடுகிறது. பெட்ரோல் ஒரு சொட்டு வேண்டாம். இந்தச் சண்டை எத்தனை வருஷம் நடந்தாலும் நமக்குக் கவலையில்லை.

உள்ளே இருந்த சீட்டுகளை எடுத்துவிட்டு மாணிக்கம் ஆசாரி ஒரு கட்டில், ஒரு அலமாரி, அடுப்பு வைக்க மேடை எல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். தண்ணீருக்கு ஒரு டிரம். ஆட்டுக்கல்லைக்கூட ஏற்றிவிட்டேன். டிரைவருக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு சீட். அதை ஒட்டி ஜன்னல், அதற்குப் பச்சைத் திரை. நான் ஊர் ஊராகக் கிணற்று எஞ்சின் ரிப்பேருக்குப் போய்விடுவதால், தனியாக வீட்டுக்குக் காவல் இருக்கப் பிடிக்காமல் நீ மலைமேல் டீச்சர் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. இனி நான் போகிற இடத்துக்கெல்லாம் வீடும் வரும். வீடு வந்தால் நீயும் வருவாய்தானே?

தையில் முதல் பயணம் நாகப்பட்டினம். கல்யாணமான புதிதில் கடல் காட்டுவதாகச் சொன்னேன், இன்னும் காட்டவில்லை. இப்போதைக்கு மூட்டைக் கரிக்குப் பதினெட்டு மைல் ஓடுகிறது. நாகப்பட்டினம் நூற்றைம்பது மைல் இருக்கும். எப்படியாவது மைலைக் கூட்டிவிட வேண்டும். ராத்திரியெல்லாம் இதே யோசனைதான்.

மிளகு மூட்டையோடு இறங்கி வந்த சென்றாயனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
சாமியப்பன்


வாசலூர்பட்டி,
14-11-1943

அன்புள்ள மாமாவுக்கு,

ராசாமணி வணக்கமாக எழுதுவது. இருமல் போய்விட்டது. நான் குடியிருக்கும் வீட்டுக்காரி பெருமாயி மிளகுக் கசாயம் வைத்தே அதை விரட்டிவிட்டாள்.

சென்றாயன் கடிதத்தை வகுப்பிலேயே கொண்டுவந்து நீட்டினார். பிள்ளைகளுக்குப் பெருக்கல் கணக்கைக் கொடுத்துவிட்டுப் படித்தேன். மறுபடி படிப்பதற்காக இன்னும் பெரிய பெருக்கலாகக் கொடுத்தேன். பெருமாயியிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். "ஊடு எப்படிங்க டீச்சர் ஓடும்? ஊட்டுக்காரங்கதான் ஓடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. அவள் புருஷன் அண்ணாமலை அப்போதுதான் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், பாவம்.

மாமா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. தேசப்படத்தில் வருஷா வருஷம் நான் விரல் வைத்துக் காட்டுகிற கடல், நீலச் சாயம் பூசிய காகிதம்தான். போன வாரம் கண்ணாயி என்ற பெண் எழுந்து, "கடலுக்கு அக்கரை தெரியுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஆனால் ஒரு விஷயம். என் வேலையை நிரந்தரமாக்குவதாக ஜில்லா போர்டு ஆபீசிலிருந்து காகிதம் வந்திருக்கிறது. டிசம்பர் முடிவதற்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று வருஷத்துக்கு மலையை விட்டு நகர முடியாது. போடாவிட்டால் வேலை போய்விடும். நான் இன்னும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி,
28-11-1943

அன்புள்ள ராசாமணிக்கு,

கையெழுத்துப் போடாதே. இங்கே நாளுக்கு நாள் அற்புதம் நடக்கிறது.

முந்தாநாள் ஒரு யோசனை தோன்றியது. ஆட்டுக்கல்லை இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மூட்டைக்கு இருபது மைல்! அந்தக் கல் ஒன்றே இரண்டு மைலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. விடுவேனா? தண்ணீர் டிரம்மை இறக்கினேன், ஒரு குடம் போதும். ஒரு மைல் கூடியது. தேக்குக் கட்டிலை இறக்கினேன், இருபத்திரண்டு. நமக்குப் பாய் போதாதா? காரவள்ளி வரை போய், மலையடிவாரத்தில் நின்று வாசலூர்பட்டி இருக்கும் திசையைப் பார்த்து ஹாரன் அடித்தேன். கேட்டதா?

கருவேலங்கரியாகப் பார்த்து வாங்கினால் இன்னும் கூடும் என்கிறார்கள். நாமக்கல் சந்தைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். நீ தைரியமாக இரு.

உன்
சாமியப்பன்


வாசலூர்பட்டி,
5-12-1943

அன்புள்ள மாமாவுக்கு,

ஹாரன் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க எதற்காகவோ வாசலுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தில் மைல் கூடிக்கொண்டே போகிறது, வீடு குறைந்துகொண்டே போகிறது. ஆட்டுக்கல் இல்லாமல் நாகப்பட்டினத்தில் உங்களுக்குத் தோசை எப்படிச் சுடுவேன்? ஒரு குடம் தண்ணீரில் உங்கள் கரி முகத்தைக் கழுவுவதா, சோறாக்குவதா? போகட்டும், பாயில் படுத்துக்கொள்கிறேன்.

அண்ணாமலை மிளகு நிறுக்கும் தராசில் நேற்று நானும் ஏறி நின்று பார்த்தேன். பெருமாயி விழுந்து விழுந்து சிரித்தாள். எடையை உங்களுக்கு எழுத மாட்டேன். நான் எத்தனை மைலைத் தின்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

போர்டிலிருந்து ஞாபகக் காகிதம் வந்துவிட்டது.

உங்கள்
ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி,
15-12-1943

அன்புள்ள ராசாமணிக்கு,

இருபத்தேழு! மூட்டைக்கு இருபத்தேழு மைல். இந்த ஜில்லாவில் இப்படி ஓடுகிற கரி வண்டி வேறு கிடையாது.

அலமாரி, அடுப்பு மேடை, உள்பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆறு மூட்டை இருந்தால் நாகப்பட்டினம் வரை ஒரே ஓட்டம், வழியில் எங்கும் கரிக்கு நிற்க வேண்டாம். கருக்கலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கடல். ஆறு மூட்டையை எங்கே வைப்பது என்றுதான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பின்பக்கம் அதிகம் வைத்தால் வண்டி தூக்கி அடிக்கிறது. கடைசியில் மாணிக்கம் ஆசாரியைக் கூப்பிட்டு டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டேன். மூன்று மூட்டை அங்கே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பச்சைத் திரையில் கரி படும் என்று அதையும் எடுத்தாயிற்று.

எல்லாம் தயார். நீ இறங்கி வர வேண்டியதுதான் பாக்கி.

உன்
சாமியப்பன்


வாசலூர்பட்டி,
20-12-1943

மாமாவுக்கு,

மூன்று கரி மூட்டைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பார்க்கப் போகின்றன. நான் எங்கே உட்காருவது?

கேலிக்குக் கேட்கவில்லை. அழுகையாக வருகிறது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரிகிறது. கழற்றும்போது அது என் இடம் என்ற நினைப்பே உங்களுக்கு வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

போர்டு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். சென்றாயன் திரும்பி வரும்போது உங்கள் பதில் வர வேண்டும்.

ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி,
23-12-1943

அன்புள்ள ராசாமணிக்கு,

கடிதத்தைப் படித்ததும் மாணிக்கம் ஆசாரியிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "கழட்டச் சொன்னப்பவே கேக்கோணும்னு நெனச்சனுங்க. அம்மிணி எங்கீங்க உக்காருவாங்கன்னு. நீங்க மைல் கணக்குல இருந்தீங்க, எங்கீங்க காதுல உழுகப்போவுது" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மூட்டைகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். உன் உயரத்துக்கு அளந்து வைக்கச் சொன்ன ஜன்னல் அது. உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போகிற மும்முரத்தில் உன்னையே இறக்கிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

சீட்டைத் திரும்பப் பூட்டியாயிற்று. கட்டில், டிரம், அலமாரி, அடுப்பு மேடை, ஆட்டுக்கல் எல்லாம் ஏறிவிட்டன. உன் எடைக்குப் பதிலாக மாணிக்கம் ஆசாரியை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மூட்டைக்குப் பதினாறு மைல்தான். நாலு மூட்டைக்கு மேல் வைக்க இடமில்லை. ஒரே ஓட்டமெல்லாம் நடக்காது. முசிறி தாண்டியதும் எங்கேயாவது காவேரிக் கரையில் கரி தீர்ந்துவிடும். தேடி வாங்க ஒரு நாளாகுமோ, இரண்டு நாளாகுமோ. உன்னை நடுவழியில் நிறுத்திவிடுவேனே என்பதுதான் இப்போது கவலை.

உன்
சாமியப்பன்


வாசலூர்பட்டி,
27-12-1943

அன்புள்ள மாமாவுக்கு,

வேலையில் தொடர இயலாது என்று போர்டுக்கு எழுதி இன்றைக்கே அனுப்பிவிட்டேன். பொங்கலுக்குள் வேறு டீச்சர் வந்துவிடுவாராம். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாயி மட்டும், கடலுக்கு அக்கரை உண்டா என்று கார்டு போட்டே ஆக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தை இரண்டாம் தேதி காரவள்ளிக்கு இறங்கி வருகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணாமலையும், வண்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கப் பெருமாயியும் கூட வருகிறார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ள உங்களுக்கு, எதைக் கட்டினோம் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை மாமா. காவேரிக் கரையில் கரி தீர்ந்தால் தீரட்டுமே. நீங்கள் ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வாருங்கள், நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவோம். கரி கிடைக்கிற அன்றைக்குக் கிளம்புவோம். பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் அது நடுவழி. நமக்கு அது வீடு.

உங்கள்
ராசாமணி