அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இலக்கம்

ஒக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை.

சென்னை ஆஸ்பத்திரியின் பதில் வந்துவிட்டது. 21ஆம் திகதி அட்மிஷன், 23 காலை ஒப்பரேஷன். இதய வால்வைத் திருத்துவதா மாற்றுவதா என்பது திறந்து பார்த்த பிறகுதானாம். திறந்து! அலுமாரியைச் சொல்வது போல எழுதியிருக்கிறார்கள்.

விசா, டிக்கட்: என் மனுஷன் செல்வா பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் லீவு: அதிபரிடம் சொல்லியாயிற்று. மிச்சம் என் பாடு:
பழைய எக்கோ ரிப்போர்ட் எல்லாம்.
முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, குறைந்தது மூன்று.
போன்.

மூன்றாவதுதான் தலையிடி. அப்பாவுக்கு இந்த விஷயம் தெரியக்கூடாது. அம்மா ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போனவள், வெளியே உயிரோடு வரவில்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லே ஆகாது. இப்போது எண்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் தம்பி அன்ரன் வீட்டில் இருக்கிறார். கண் இரண்டும் மங்கல். ஆனாலும் தினமும் மாலை ஆறரைக்கு, செபமாலை முடிந்த கையோடு, வீட்டுப் போனைத் தடவித் தடவி என் இலக்கத்தை அழுத்துவார். அவருக்கு மனப்பாடமான இலக்கம் அது ஒன்றுதான். கதைப்பது இரண்டு நிமிடம். சாப்பிட்டியா, மழையா, சரி வைக்கிறன்.

நான் எடுக்காவிட்டால் போச்சு. மாசி மாதம் ஒருநாள் போனை சைலன்ட்டில் போட்டு மறந்துவிட்டேன். ஏழரைக்கு எங்கள் வெள்ளவத்தை பிளட்டின் லிப்ட் திறக்கிறது, உள்ளே அப்பா. கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாகத் த்ரீவீல் பிடித்து வந்திருக்கிறார். "உயிரோடதான் இருக்கிறியோ?" என்று கேட்டார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அதே த்ரீவீலில் திரும்பிப் போனார்.

ஆகவே, சென்னையில் இருந்தாலும் இந்த இலக்கம் அடிக்க வேண்டும். நான் எடுக்க வேண்டும். கட்டுப்படியாகும் செலவில். எப்படி என்று தெரியாது. செய்தே தீருவேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து காலி வீதியில் போன் கடை. தீபாவளிக் கூட்டம், நடைபாதையில் காலை வைக்க இடமில்லை. கடைக்கார நானா நல்ல மனுஷன், பத்து வருடப் பழக்கம்.

"ஈசிம் போடுங்க மிஸ், அட்டை இல்லாத சிம். இப்ப எல்லாரும் அதுதான். சல்லியும் கொறவு."

என் போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இதுல ஈசிம் எடுக்காது மிஸ். இது பழசு."

எடுத்தாலும் பிரயோசனமில்லையாம். மலிவான ஈசிம் எல்லாம் இன்டர்நெட் மட்டும்தான், அழைப்பு வராது. அப்பாவிடம் வட்ஸ்அப் இருந்தால் நான் ஏன் இப்படி அலைகிறேன்?

இந்திய சிம் வாங்கினால்? மலிவுதான். பாஸ்போர்ட், விசா, போட்டோ கொடுத்தால் அங்கேயே தருவார்கள். ஆனால் இலக்கம் வேறு. அப்பாவுக்குப் புது இலக்கம் படிப்பிக்கலாமா? போன வருடம் அன்ரனின் இலக்கத்தைப் படிப்பித்துப் பார்த்தோம். மூன்று நாள். "என்ர மண்டையில ஒரு நம்பருக்குத்தான் இடம்" என்று முடித்துவிட்டார்.

ரோமிங்: இதே சிம், இதே இலக்கம். ஆனால் வருகிற அழைப்புக்கும் நமக்குத்தான் காசு. ஒரு நிமிடத்துக்கு எடுக்கிற காசில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்கலாம்.

செல்வா: "நீர் ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? மாமாட்ட உண்மையைச் சொல்லிவிடும்."

கட்டின மனுஷன் என்ற உரிமையில் சொல்கிறார். நான் கீரை ஆய்ந்தேன்.

ஒக்டோபர் 8, புதன்

மழை. பாமன்கடைப் பக்கம் முழங்கால் வரை தண்ணீராம்.

இன்று பரிசோதனை. யோசனை செல்வாவுடையது. சிம்மை ஒரு பழைய போனில் போட்டு இங்கேயே விட்டுவிடுவது. அப்பாவின் அழைப்பு வரும் நேரம் பக்கத்து பிளட் மாலா அக்கா அந்தப் போனை எடுத்து, வட்ஸ்அப்பில் என்னைப் பிடித்து, இரண்டு போனையும் வாயும் காதுமாகச் சேர்த்து வைப்பார். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இறப்பர் வளையம் கூடப் போட்டோம்.

ஆறரை. மாலா அக்கா ஹோலில், நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செ. உடைய போனுடன்.

"மகள், எங்க நிக்கிறாய்? கிணத்துக்குள்ளயோ?"

"வீட்டிலதானப்பா."

"அப்ப ஏன் நீ ரெண்டுதரம் கதைக்கிறாய்?"

மாலா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் இரண்டு தரம் கேட்டதாம். "அங்க ஆர் சிரிக்கிறது?" என்று அப்பா. அதோடு திட்டம் போச்சு. இறப்பர் வளையம் கறிவேப்பிலைப் பைக்கு.

ரோமிங்தான். வேறு வழியில்லை. போன மாத அழைப்புகளைப் பார்த்தேன்: பெரும்பாலும் இரண்டு நிமிடம், ஞாயிறுகளில் மட்டும் ஐந்தாறு. தாங்கலாம். என் போனில் இரண்டு சிம் போட இடமுண்டு. ஒன்றில் நம் சிம், ரோமிங்கில், அப்பாவுக்கு மட்டும். இன்டர்நெட் ரோமிங் ஓஃப், அது மிக முக்கியம், மறந்தால் வீட்டை விற்க வேண்டும். மற்றதில் இந்திய சிம், மிச்ச எல்லாவற்றுக்கும். நானே யோசித்துக் கண்டுபிடித்தது. செ. "கெட்டிக்காரி" என்றார். ஓம், கெட்டிக்காரிதான்.

ஒக்டோபர் 11, சனி

வெயில். நுகேகொடையில் போன் கம்பனிக் கிளை, டோக்கன் எடுத்து ஒரு மணித்தியாலம். மூச்சு வாங்கியது, கதிரை கிடைத்தது.

கவுண்டர்ப் பிள்ளை இலக்கத்தை அடித்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"மிஸ், மேக்க ஒயாகே நமட்ட நே."

என் பெயரில் இல்லையாம்! யாருடைய பெயர்? அவள் வாசித்தாள். அப்பாவின் பெயர்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவர்தான் வாங்கித் தந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலம், தன் அடையாள அட்டையைக் கொடுத்து. எனக்கு அது ஞாபகமே இல்லை. எங்கள் சனத்தில் யாருடைய சிம் யாருடைய பெயரில் என்று ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சியின் சிம் அத்தானின் பெயரில், அத்தானுடையது செத்துப்போன மாமாவின் பெயரில்.

ரோமிங் போட சொந்தக்காரர் வரவேண்டும். அல்லது பெயர் மாற்றும் படிவத்தில் அவருடைய கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அடக்கிவிட்டேன். அழுதால் மூச்சு இளைக்கிறது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கொட்டாஞ்சேனை. அன்ரனின் மனைவி மீன் கட்லட் பொரித்திருந்தாள். அன்ரனுக்கும் அவளுக்கும் எல்லாம் தெரியும். அதனால் இரண்டு பேரும் அப்பா முன்னால் தேவைக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் பெரிய பொய்: "அப்பா, 21ஆந் திகதி பண்டாரவளைக்குப் போறன். ஆசிரியர் பயிற்சி. மூண்டு கிழமை."

"குளிருமே. சுவெட்டர் கொண்டு போ."

பிறகு சின்னப் பொய்: "இந்த போன் உங்கட பேரில இருக்கு. என்ர பேருக்கு மாத்தோணும். புதுச் சட்டமாம்."

"நான் செத்தாப் பிறகு மாத்தலாமே. என்ன அவசரம்?" என்று சிரித்தார். பிறகு கையை நீட்டினார். "எங்க போடோணும்? விரலைப் பிடிச்சு வை."

அவருடைய சுட்டுவிரலைக் கோட்டின் மேல் வைத்தேன். வாசித்துக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை. மெதுவாக, முழுப்பெயரையும் எழுதினார். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. "வடிவா இருக்கோ?" என்றார்.

வடிவாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கண் தெரியாத மனுஷனை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குகிறவள் என்ன பிள்ளை? ஆனாலும் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். கட்லட் மூன்று தின்றேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பெயர் மாறிவிட்டது. ரோமிங் போட்டாயிற்று. அதே கவுண்டர்ப் பிள்ளை. எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். "சென்னை. ஹார்ட் ஒப்பரேஷன்" என்றேன். அப்பாவிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாதவளிடம் எவ்வளவு லேசாகச் சொல்கிறேன். அவள் எழும்பி வந்து செட்டிங் எல்லாம் தானே பார்த்துத் தந்தாள்.

ஒப்பரேஷன் அன்றும் அடுத்த இரண்டு நாளும் போனைத் தொட முடியாது. அதற்கும் ஒரு பொய் தயார்: "எங்களை உள்ளுக்குத் தேயிலைத் தோட்டப் பக்கம் கூட்டிக்கொண்டு போகினம், மூண்டு நாள் சிக்னல் இராது." 22ஆந் திகதி மாலை அழைப்பில் சொல்வது. முதலே சொன்னால் முதலே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒக்டோபர் 21, செவ்வாய். சென்னை

கடும் மழை. தெருவெல்லாம் ஊறிப்போன பட்டாசுக் காகிதம்.

வந்து இறங்கி போனைத் திறந்ததும் ஒரே பயம். ரோமிங் எடுக்குமா? இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சிக்னல் கட்டங்கள் வந்தன. இந்திய சிம்மும் வாங்கியாயிற்று. அதற்கு இங்கேயுள்ள ஒருவருடைய இலக்கமும் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை இலக்கத்தைக் கொடுத்தேன்.

வார்டு நாலாம் மாடி. இங்குள்ள நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், அது ஒரு நிம்மதி. சரியாக ஆறரைக்கு அடித்தது!

"பண்டாரவளை எப்படி?"

"மழையப்பா."

"சுவெட்டர் போட்டிருக்கிறியோ?"

"ஓம்."

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. வென்றுவிட்டேன். செ. கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்துக் கட்டில் அம்மா, "நீங்க சிலோனா? பேச்சு நல்லாருக்கே" என்றார்.

ஒக்டோபர் 22, புதன்

மழை விடவில்லை.

காலை இரத்தம், எக்ஸ்ரே. நாலரைக்குக் கீழ்த்தளத்தில் ஸ்கேன் என்றார்கள், ஐந்தாயிற்று, ஆறாயிற்று. மனம் முழுக்க மணிக்கூட்டில். ஆறேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். போன் செ. கையில். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். கீழ்த்தளம், அங்கே சிக்னலே ஒழுங்காக இல்லை. அவர் கவனிக்கவில்லை பாவம். என்னைப் பற்றிய யோசனையில் இருந்தார்.

மேலே வரும்போது ஏழரை. அன்ரனின் செய்தி: "அக்கா உடன எடு. அப்பா எட்டுத்தரம் அடிச்சிட்டார்."

ரோமிங்கிலேயே அவருக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே அப்பா.

"சொரி அப்பா, இஞ்ச மழை, சிக்னல் போயிட்டுது."



"பண்டாரவளையில இப்ப சிங்களம் இல்லையோ?"

"என்னப்பா?"

"நீ எடுக்காட்டி முதல் சிங்களத்தில ஒரு பிள்ளை சொல்லும், அழைப்பு எடுக்க ஏலாதெண்டு. பிறகுதான் தமிழ் வரும். இண்டைக்கு எடுத்த எடுப்பிலயே தமிழ். அதுவும் இந்தியாத் தமிழ். எட்டுத்தரம் கேட்டனான் மகள். ஒருக்காக்கூட சிங்களம் வரேல்ல."

நான் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். ஈசிம், சிம், படிவம், பாண் கணக்கு, இறப்பர் வளையம், எல்லாம் யோசித்தவள். நான் எடுக்காதபோது கம்பனிப் பதிவில் எந்தப் பிள்ளை கதைப்பாள் என்று யோசிக்கவில்லை.

"எங்க நிக்கிறாய்?"

"சென்னையில."

"நெஞ்சோ?"

போனில் கதைக்கும்போது எனக்கு மூச்சு இளைப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. எத்தனை மாதமாகவோ.

"ஓம் அப்பா."

"எப்ப?"

"நாளைக்குக் காலமை."

பின்னால் அன்ரன் வீட்டு டிவி. யாரோ அதை நிற்பாட்டினார்கள். நிமிடங்கள் ஓடின, ஓடட்டும் என்று விட்டேன்.

"உன்ர அம்மாவை உள்ளுக்குக் கொண்டுபோகேக்க, பயமா இருக்கோ எண்டு நான் ஒரு சொல்லுக் கேக்கேல்ல. ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான்." மூச்சு விட்டார். "உனக்குப் பயமா இருக்கோ?"

இதுவரை செல்வாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். "சரியான பயமப்பா."

"எனக்கும்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். மறைக்க ஒன்றுமில்லை. செ. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினதுக்கு நீ வந்தாப் பிறகு இருக்கு" என்றார். பிறகு, "கேள். நாளையில இருந்து நான் அடிக்க மாட்டன். அந்தப் பிள்ளையின்ர குரலைக் கேக்க என்னால ஏலாது. நீ எழும்பி, நீயே எனக்கு எடு. எத்தினை நாளெண்டாலும் பரவாயில்லை. நான் போனடியில இருப்பன்."

"ஓமப்பா."

"வைக்கிறன்" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ஒக்டோபர் 23, வியாழன்

ஐந்து மணி. மழை விட்டிருக்கிறது. பச்சை அங்கி போட்டாயிற்று. தாலியும் மோதிரமும் செ.யிடம்.

போனையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்கிறார்: "பின்னேரம் ஆறரைக்கு அடிச்சா மாமாவுக்கு நான் என்ன சொல்ல?"

"அடியாது. எழும்பி நான்தான் அவருக்கு எடுக்கோணும்."

தள்ளுகட்டில் வந்துவிட்டது. பேனாவைக் கேட்கிறாள் நர்ஸ்.