அரிசி வைக்காத இடம்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு
பல்கலைக்கழகத்திலிருந்து ஜிப்னா மிஸ் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு எந்த நிலம் எவ்வளவு முக்கியம் என்று ஆராய்ந்து, மண்சரிவைத் தடுக்க எங்கே மரம் நடலாம் என்று நிர்வாகத்துக்குச் சொல்லப் போகிறார்களாம். தோட்டத்தின் வரைபடத்தை நான்தான் வரைந்து கொடுத்தேன். நாங்கள் குடியிருக்கும் லயம், தண்ணீர்ப் பீலி, மரக்கறி நிலத் துண்டுகள், கோயில், மயானம், எல்லாம் வண்ணத்தில்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி அரிசி. வரைபடத்தில் முக்கியமான இடத்தின் மேல் அதிகம் வைக்க வேண்டும். "அரிசியோட அருமை எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார் மிஸ். என்ன அழகான யோசனை! நானும் ஆய்வாளராக வேண்டும்.

பெப்ரவரி 18
கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆய்வு நடந்தது. பீலியில் அரிசி குவிந்தது. மயானத்துக்கு மேலே மட்டும் எல்லாக் கையும் தாண்டிப் போயிற்று. செத்தவர் வாயில் போடுவதல்லவா அரிசி? மயானத்தில் வைத்தால் வீட்டில் ஒரு சாவு விழும் என்று பயம்.

"இதுல போட்டா யாருக்குடி வாய்க்கரிசி? ஒங்க பெரியப்பனுக்கா? அந்தாளு சம்பளத்த வாங்கிக் குடுத்துட்டுப் போகட்டும்!" என்றார் பக்கத்து வீட்டு இராக்கம்மா பெரியம்மா. ஒரே சிரிப்பு. மிஸ்ஸும் சிரித்தார். புரிந்துதான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அட்டவணையில் மயானத்துக்கு நேரே பூச்சியம் போட்டேன்.

ஏப்ரல் 27
முடிவு வந்துவிட்டது. மயானச் சரிவு "மக்களுக்கு முக்கியத்துவம் இல்லாத நிலம்". அங்கேதான் மரம் நடப் போகிறார்கள். சுற்றி வேலி.

அம்மா அங்கேதானே இருக்கிறா.

ஏப்ரல் 28
மிஸ்ஸுக்குப் போன் எடுத்து வாய்க்கரிசியைப் பற்றிச் சொன்னேன். "எங்க முஸ்லிம் ஆக்கள்ல அப்படி வழக்கம் இல்லையேம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. பேராசிரியர் சேர்கிட்டச் சொல்றேன்."

மே 6
பேராசிரியர் மறுத்துவிட்டாராம். மக்கள் வைத்ததைத்தான் எழுத முடியுமாம். நாமாக ஒன்றைச் சேர்த்தால் ஆய்வு பக்கச்சார்பாகிவிடுமாம். மிஸ்தான் போனில் சொன்னார்.

அப்படியானால் அரிசியைத் தெரிவு செய்தது யார்? முக்கியம் என்றால் அளந்து வைக்கக்கூடியது என்று நினைத்தது யார்? அதெல்லாம் சார்பு இல்லையா?

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதை நானும் பார்த்தவள்தான். ஆனால் ஏன் அங்கே?

மே 9
பெரியம்மாவும் நாலைந்து பேரும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனார்கள். அவர் ஆய்வு அறிக்கையைக் காட்டி, நீங்களே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களே என்றாராம். திரும்பி வந்த பெரியம்மா என் வாசலில் நின்றார். "நீதானே புள்ள எழுதுன? வாய் இருந்துச்சே ஒனக்கு?"

ஆமாம். இருந்தது.

மே 10
பள்ளிக்கூடம் போகவில்லை.

ஜூன் 3
காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்தபோது, கங்காணி, அப்பாவைக் கன்று நடக் குழி வெட்ட அனுப்பினாராம். மயானச் சரிவுக்கு. போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடமாட்டார்கள்.

வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சோறு வேண்டாமாம்.

"கயிறு புடிச்சு நேரா வெட்டணுமாம்மா" என்றார். சோற்றை மூடி வைத்தேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு
மழை விட்டிருந்தது. அப்பாவோடு தேயிலைப் பாதையில் நின்று எதிர்ச் சரிவைப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைகள் மயானத்துக்குப் போவதில்லை. அதனால் அம்மாவை எங்கே வைத்தார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. இனி அப்பாவும் போக முடியாது. வேலிக் கேட்டில் பூட்டு.

கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கயிறு பிடித்து நட்டவை. ஆனால் எந்த வரிசையும் நேராக இல்லை. இங்கே ஒன்று விலகி நிற்கிறது, அங்கே இரண்டு. குழி வெட்டிய ஒவ்வொருவரும் எங்கெங்கோ கயிற்றை விட்டுத் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். நடுவில் ஆள் நீளத்துக்கு வெறும் புல்.

அப்பா கையை நீட்டவில்லை. தாடையால் காட்டினார்.

"அந்தா, கல்லுக்குக் கீழ ஒரு எடவெளி தெரியுதா? அதான்."