அழகாக இறங்காதே

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வீடியோ கேமின் நாயகி கூரைக்காரி இன்று முழுவதும் சும்மா நின்றாள். விளையாடுகிறவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனால் அவள் என்ன செய்வாள்? மூச்சு விடுவாள். எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுவாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொள்வாள். இந்த நாலு விநாடி அசைவை அனிமேட் செய்ய எனக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. "இன்னுமா நிக்கிறா?" என்று பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். சும்மா நிற்பதுதான் ஐயா உலகத்திலேயே கஷ்டம்.

எங்கள் விளையாட்டில் எப்போதும் பனிமூட்டம். தரையே தெரியாத ஊர். அவள் கூரை விட்டுக் கூரை தாண்டிக் கடிதம் கொண்டுபோகிறாள். மாலையில் வெளியே வந்தால் நிஜத் தெருவும் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கிறது. விநாடிக்கு முப்பது ஃபிரேம், முப்பது அசையாப் படம், என்று பழகிய கண், வேறெப்படிப் பார்க்கும்? பேருந்துப் படியில் கால் வைக்க ஓர் அம்மாளுக்கு இருபத்தாறு ஃபிரேம், பின்னால் வந்த கண்ணாடிக்காரருக்குப் பதினான்கு. எண்ணிக்கொண்டே போய் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

தம்பிக்கு இன்று ஃபிசியோ. போனானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

எங்கள் அனிமேஷன் குழுவின் லீட் கூப்பிட்டார். உயரத்திலிருந்து விழுந்து இறங்குவதை மறுபடி செய்ய வேண்டுமாம். "கூரைக்காரி பஞ்சு மாதிரி இறங்குறா. அவ்வளவு ஒசரத்துலேர்ந்து விழுந்தா உடம்புக்கு வலிக்காதா? இருபத்தெட்டாம் தேதிக்குள்ள எனக்கு எடை வேணும்."

எடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் ஃபோனில் இருக்கிறது. பார்க்க மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி சோபாவில், காலை ஸ்டூலில் நீட்டி. கைத்தடி சுவரோடு.

அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஊரான் பிள்ளைக்கெல்லாம் குட்டிக்கரணம் சொல்லிக் குடுக்கிற வாத்தியாரு. படியைப் பாத்து இறங்கத் தெரியல."

"விடும்மா, கவனிக்கல" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் படியில் விழவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அசைவு செய்கிற நாங்கள் எல்லோரும் இதைச் செய்வோம்: முதலில் யாரையாவது செய்யச் சொல்லிப் படம் பிடித்துக்கொள்வோம், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பொம்மையை அசைப்போம். பெரும்பாலும் நாமே ஆடிக்கொள்வதுதான். குதிப்பு என்பதால் ஜனவரியில் தம்பியைக் கூப்பிட்டேன். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவன். எங்கள் குடியிருப்பின் பின்புறச் சுவர், ஓர் ஆள் உயரம். ஐந்து தடவை குதித்தான். ஐந்தும் பூனை இறங்கினாற்போல இருந்தன. நான்தான் சொன்னேன் — "அழகா இறங்காதடா. உனக்குத் தெரியாத மாதிரி இறங்கு. இன்னும் ஒரே ஒரு தடவை."

பதினைந்து வருடமாகச் சரியாக இறங்கப் பழகிய உடம்பு. அதைத் தப்பாக இறங்கச் சொன்னேன். அவனும் அக்கா சொன்னாளே என்று இறங்கினான். முழங்காலில் ஜவ்வு கிழிந்தது, அறுவை சிகிச்சை. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு சொன்னது: "அம்மாகிட்ட படின்னு சொல்லிக்கலாம்." நானும் பேசாமல் தலையாட்டினேனே, எனக்கெல்லாம் என்ன பேர்?

மார்ச் 13, வியாழன்

கூட்ட அறை மேசையிலிருந்து நானே குதித்துப் படமெடுத்தேன். மூட்டையை இறக்கினாற்போல் இருக்கிறது. மேசை ஆடுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக. அவன் சுவரின் மேல் நிற்கிறான், சிரிக்கிறான். பிறகு காற்றில். இந்தப் பகுதியில் அவனுக்கு எதுவும் ஆகவில்லை. பதினெட்டு ஃபிரேம், வெயிலில், சட்டை மேலே எழும்பி, மெல்ல மெல்ல வருகிறான். ஒன்றிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அடுத்த பொத்தானை அமுக்கும்வரை அவன் இறங்கவே மாட்டான்.

அமுக்கினேன். குதிகால், பிறகு முழங்கால் உள்ளே மடங்கி, தோள் ஒரு கணம் தாமதமாக. பிறகு வானம், என் செருப்பு, கறுப்பு. ஃபோனைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

அழுதுகொண்டேதான் அதை அப்படியே கூரைக்காரிக்குச் செய்தேன். ஆனாலும் செய்தேன். கை பாட்டுக்குச் செய்தது. அதுதான் பயமாயிருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

லீட் பெரிய திரையில் போட்டார். கூரைக்காரி விழுந்ததும் அறையில் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

"எங்கேர்ந்து பிடிச்சீங்க இதை?"

"சும்மா, கற்பனைதான்" என்றேன்.

விழுந்த பிறகு அவள் எழுந்திருக்கிற பகுதிக்குப் படம் இல்லை. அதை நான் ஆடி, நானே செய்தது. ஒரு துள்ளலில் எழுந்துவிடுகிறாள். பொத்தான் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அவர் எங்கள் புரோகிராமர், எதைக் காட்டினாலும் "இதுக்கு எந்தப் பொத்தான்?" என்று கேட்டு அந்தப் பெயர் வாங்கியவர்.

ஏப்ரல் 2, புதன்

வெள்ளிக்கிழமை வீட்டாரை அழைத்துவந்து விளையாட விடுகிறார்களாம். பொத்தான் என்னைக் கேட்காமலே என் பெயருக்கு அம்மாவையும் தம்பியையும் போட்டு அழைப்பும் அனுப்பிவிட்டார். அம்மா உடனே வருகிறேன் என்றுவிட்டாள்.

வராதீங்கன்னு எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 4, வெள்ளி

இதை வரிசையாக எழுத முடியுமா தெரியவில்லை.

தம்பி கைத்தடியைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு விளையாட நன்றாக வரும். பனிக்குள் பத்துக் கூரை தாண்டிப் போனான். அம்மா அவன் பின்னால் நின்று, "அந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டிருக்கலாம்" என்றாள். பதினோராவது கூரையில் தவறி விழுந்தான்.

கை நின்றுவிட்டது. பிறகு அவளை மேலே ஏற்றி, வேண்டுமென்றே கீழே விழவிட்டான். மறுபடி. மறுபடி. எட்டுத் தடவை எண்ணினேன்.

"ஏண்டா அவளைப் போட்டுத் தள்ளிக்கிட்டே இருக்கே, பாவம்" என்றாள் அம்மா.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "விழறது சரியா இருக்குக்கா. எந்திரிக்கிறதுதான் பொய்."

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லோருக்கும் நடுவில், பொத்தான் பிஸ்கட் தட்டோடு நிற்க, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். படி இல்லம்மா. நான்தான் குதிக்கச் சொன்னேன். தப்பா இறங்கச் சொன்னேன். இப்ப அதையே பார்த்துப் பார்த்து இதுல வச்சிருக்கேன். மன்னிச்சிருடா.

அம்மா சாய்த்துவைத்த கைத்தடியையே பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

தம்பிதான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "உன்மேல கோபம் இருக்குக்கா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா விழுந்ததையே எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருப்பே? தினமும் நான் எந்திரிக்கிறேன். ஒரு நாள் வந்து பாத்தியா?" கம்பளத்தில் மெல்லப் படுத்தான். "எடு."

ஃபோனைப் பிடித்தேன். பதிவை ஆரம்பிக்காமலே வைத்திருந்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினாள். முகத்தை எங்கள் இருவருக்கும் காட்டாமல் அவளே எடுத்தாள்.

ஒருக்களித்தான். முழங்கை, பிறகு உள்ளங்கை. நல்ல காலை மடக்கி, கெட்ட காலை ஓர் ஓரமாக நீட்டி, தரையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். யோசிக்கிறான் என்று நினைத்தேன். வலி அடங்கக் காத்திருக்கிறான். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

கூரைக்காரி இப்போது தம்பி எழுந்த மாதிரியே எழுகிறாள். நூற்றுத் தொண்ணூறு ஃபிரேம். ஆறு விநாடிக்கும் மேல்.

"ஆறு விநாடி பொத்தான் வேலை செய்யலேன்னா ஜனங்க கையில இருக்கிறதைத் தூக்கி எறிவாங்க" என்றார் பொத்தான். எறியட்டும் என்றேன். லீட்டிடம் அந்தக் குதிப்பு யாருடையது என்பதையும் சொன்னேன். "இனிமே இங்க யாரும் வீட்டாளுங்களைச் சுவர்லேர்ந்து குதிக்க வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஆக உயரமான கூரையிலிருந்து விழுவதற்கு மட்டும் ஆறு விநாடியையும் விட்டுவைத்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மா என்னோடு பேசுவதில்லை.

மே 9, வெள்ளி

தம்பி திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறான். இனிக் குதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தரையில் நின்றுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை அவனே ஃபோனில் சொன்னான், சாதாரணமாக. இது என்னால் ஆனது, என்ன செய்தாலும் மாறாது.

அம்மா இன்னும் பேசவில்லை. ஆனால் இரண்டு வாரமாகத் தினமும் காலையில் ஒரு வீடியோ வருகிறது. ஒரு சொல்லும் இருக்காது. தம்பி அறையில் பாயை விரித்துப் படுத்து, உடற்பயிற்சி முடித்து எழுவதை அம்மா எடுக்கிறாள். அவள் கட்டைவிரல் பாதித் திரையை மறைக்கிறது. எழுவதற்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணி, எண்ணிக்கையை மட்டும் அனுப்புவேன். நூற்று எண்பத்திரண்டு. நூற்று எழுபத்தைந்து. நேற்று நூற்று நாற்பது.

இன்று நூற்று முப்பத்தாறு. அனுப்பிவிட்டு வேலையைத் திறந்தேன்.

மதியம் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "இந்த நம்பர் கொறஞ்சா நல்லதா?"

நல்லதும்மா என்று அனுப்பினேன்.