அடையாள அட்டையின் முதுகில் ஒரு மலை

நேற்றுப் பிரதேச செயலகத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், நான் என் அடையாள அட்டையை நாக்கால் நக்கினேன் மச்சான். கூட வந்த மகள் அந்தக் கணமே என்னைத் தெரியாதவளாகி, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அறுபது தாண்டிய தகப்பன் அரச அலுவலகத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றால் எந்தப் பிள்ளைதான் சொந்தம் கொண்டாடும்?

நடந்தது இதுதான். புது அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்கப் போனேன். பழையதைத் தந்துவிட வேண்டும் என்றாள் மேசையில் இருந்த பிள்ளை. பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக் கொடுத்தேன். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“இதென்ன ஐயா, பின்னால முத்திரை ஒட்டியிரிக்கு?”

“அது என்ட கூட்டாளிட, பிள்ள.”

“கூட்டாளிட முத்திரை உங்கட ஐடென்டியில என்ன செய்யுது?”

இந்தக் கேள்வியை, அந்தக் கூட்டாளியான உன் வாயால் கேட்க நேருமோ என்று நாலரை வருஷம் பயந்து திரிந்தவன் நான். கேட்டது கடைசியில் அரசாங்கம்.

உரித்து எடுங்கள் என்றாள். நகத்தால் சுரண்டப் போனேன். மூலை கிழியப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது, நாக்கும் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் உன் குரல் காதில் விழுந்தது: “இழுக்காத மென். ஊற விடு. தானா வரும்.” மகளைக் கெஞ்சி, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் தண்ணீர் வாங்கி, அட்டையை அதில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன். முத்திரை ஊறிய அந்த அரை மணித்தியாலமும் நீதான் எனக்குப் பக்கத்தில் இருந்தாய்.

நம்முடைய பழக்கம் தொடங்கியதும் தண்ணீரில்தான். வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல் வாங்கிய காலம். எங்கள் வட்டை வயலில் வெள்ளாமை வெட்டி முடித்து, வைக்கோலை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றேன். பாரம் கூடட்டும் என்று வழியில் நாலு வாளி வாய்க்கால் தண்ணீர் ஊற்றியிருந்தேன். நிறுவை மேசையில் நீ. ஒரு பிடி வைக்கோலை உருவிப் பிழிந்தாய். சொட்டியது.

“காகிதம் செய்ய வைக்கோல் கேட்டம். நீ சூப்புக் கொண்டு வந்திரிக்காய்.”

லொறியைத் திருப்பி அனுப்பவில்லை நீ. வைக்கோலை வெயிலில் விரிக்கச் சொல்லிவிட்டு, காயும் வரைக்கும் என்னை உன் பக்கத்தில் இருத்தி, மேசை லாச்சியிலிருந்து முத்திரைக் கொப்பியை எடுத்துக் காட்டினாய். கள்ளனைப் பிடித்தால் விருந்தாளியாக்கிவிடும் அந்தப் பழக்கம் உன்னைவிட்டுக் கடைசி வரை போகவில்லை.

நீ பறங்கி. உன் முன்னோர் கப்பலில் வந்தவர்கள், என் முன்னோர் வரம்பில் நின்றவர்கள். உனக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர். சண்டை வந்து நான் வட்டைக்குப் போக முடியாமலான பிறகு, அமெரிக்காவிலிருந்து உன் தங்கச்சி நத்தார் மடலுக்குள் வைத்து அனுப்பிய புது முத்திரை இது. அங்கே ஏதோ ஒரு மாநிலத்தின் ஆண்டு நிறைவுக்கு வெளியிட்டதாம். அந்த மாநிலத்தின் பெயர் இன்றுவரை என் வாயில் ஏறியதில்லை. ஆகவே எழுதவும் துணியவில்லை. படம் மட்டும் மனப்பாடம். அடியில் மஞ்சளாய் விளைந்த வயல், அதற்கு மேல் நீர், நீருக்கு அப்பால் ஒற்றை மலை.

“மாநிலத்துக்குப் பிறந்தநாளா? கேக் வெட்டினவங்களா?” என்று கேட்டேன்.

“கேக் வெட்டல்ல மென். முத்திரை அடிச்சவங்க.”

“இது அமெரிக்கா இல்ல மச்சான். என்ட வட்டை. வாய்க்காலடியில நிண்டு பாத்தா இப்பிடித்தான் தெரியும். அந்தா மலை, இந்தா குளம்.”

“உன்ட மலையில பனி கிடக்கா?”

“அது மேகம்.”

“சரி. உன்ட வட்டைக்கு முதல்ல நீ போய்ச் சேரு. மறுகா அதுக்கும் முத்திரை அடிப்பம்.”

அங்கேதான் குத்தினாய். எங்கள் வட்டை கரடியனாற்றுக்கும் அப்பால். சண்டைக் காலத்தில் போகலாம் என்பார்கள் ஒரு மாதம், போக வேண்டாம் என்பார்கள் மறு மாதம். துணிந்தவர்கள் போனார்கள். நான் டவுனில் சைக்கிள் சில்லுக்குக் காற்றடித்துப் பிள்ளைகளை வளர்த்தேன். வயலைப் பார்க்க வேண்டும் போலிருந்தால், வாவிக்கும் கடலுக்கும் நடுவில், டச்பாரில் இருந்த உன் வீட்டுக்கு வருவேன். கொப்பியைத் திற என்பேன். அந்தச் சின்னச் சதுரத்தில் என் நெல்லு வருஷம் முழுக்க விளைந்துகொண்டே நின்றது.

அந்த நத்தாருக்கும் வந்தேன். மனைவி போய், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய், நீயும் பூனையும் மட்டும் இருந்த வீடு. கேக் வெட்டக் குசினிக்குள் போனாய். கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. என் கை என்னைக் கேட்காமலே போனது என்று எழுதலாம், பொய். கேட்டுத்தான் போனது. முத்திரையை எடுத்து அடையாள அட்டையின் உறைக்குள் சொருகினேன். அந்த நாட்களில் நமக்கு அதைவிடப் பத்திரமான இடம் ஏது? சாரன் இல்லாமல் வீதிக்குப் போனாலும் போகலாம், அட்டை இல்லாமல் போக முடியாது. பிறகு, ஒன்றும் நடக்காதவன்போல் உன் கேக்கில் மூன்று துண்டு தின்றேன்.

பின்னேரம் வீட்டுக்காரியிடம் காட்டினேன். “நம்மட வட்டை மாதிரி இல்லையா?”

“மாடு ஒண்டையும் காணல்லயே” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க கொண்டு வந்தது அவருக்குத் தெரியுமா?”

“காட்டிப்போட்டுக் குடுக்கத்தானே எடுத்தது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே என் படலையில் நீ. நத்தார் வடியாத கண், சிவந்த மூக்கு, கையில் கேக் பொதி. “மச்சான், உன்னோட ஒரு கதை இரிக்கு” என்றாய். என்ன கதை என்று நான் கேட்பதற்குள் ஒழுங்கையில் சனம் ஓடி வந்தது. கடல் வருது, கடல் வருது.

மற்றதை எழுதத் தேவையில்லை. இருவரும் சேர்ந்துதான் தேடினோம். உன் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. பின்வீட்டில் வயலின் வாசிக்கும் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நீ கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மடியில் இன்னும் அந்தக் கேக் பொதி. கதை என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாய். சுவரில் ஆணி, ஆணியில் என் சேட், சேட்டுப் பையில் அட்டை, அட்டைக்குப் பின்னால் உன் முத்திரை, அதற்கு நேர் கீழே பாயில் நீ. மத்தியானத் தூக்கத்தில் உன் குறட்டை நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். முதல் கிழமையே களவாக உறையைத் திறந்து பார்த்தேன். கடல் வந்த அன்று ஓடிய ஓட்டத்தில் வேர்வை இறங்கி, பசை இளகி, முத்திரை அட்டையோடு ஒட்டிவிட்டது. முன்பக்கம் கள்ளனின் படம், பின்பக்கம் களவுப் பொருள். எந்தப் பொலிசுக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கும்?

இழப்பு விவரம் எடுக்கக் கிராம சேவகர் வந்தார். கட்டில், அலுமாரி, தையல் மெஷின் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினாய்.

“மறுகா, ஒரு முத்திரை.”

“முத்திரைக் கொப்பி எண்டு போட்டுட்டன் ஐயா.”

“அது வேற. இதைத் தனியா எழுதுங்க தம்பி. மலை, குளம், வயல்.”

“இதையெல்லாம் எங்க எழுதுறது?”

“கடல் கொண்டு போனதெல்லாம் எழுதச் சொல்லித்தானே தாள்ல இரிக்கு?”

“அப்ப கண்ட சாட்சி வேணும்.”

நீ மெதுவாக என் பக்கம் திரும்பினாய். “இந்தா இரிக்கான். இவனை விட அதைக் கூடக் கண்ட ஆள் இல்ல. கேளுங்க, அது இப்ப எங்க எண்டு.”

“கடல்ல” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லு மென்.”

“கடல்ல!”

கிராம சேவகர் பேனையை என்னிடம் நீட்டினார். “ஐடென்டிய ஒருக்காத் தாங்க, நம்பரைப் பாத்து எழுத.”

“மனப்பாடம்!” என்று கத்தி, சேட்டுப் பையைப் பொத்திக்கொண்டு இலக்கத்தை ஒப்புவித்தேன். கையெழுத்துக் கோணலாகிக் கோட்டைத் தாண்டி ஓடியது. பாவம், கூட்டாளிட கவலை இவருக்குத் தாங்கேலாமல் இருக்கு என்றார் அவர். நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

உனக்குப் புது வீடு கட்டித் தந்ததும் புதுக் கொப்பி ஒன்று தொடங்கினாய். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு சதுரம். உள்ளே ஒன்றுமில்லை. ஆருக்கு இது என்றேன். “வாற ஆளுக்கு. அவசரமில்ல” என்றாய். நான் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் திறந்து கிடக்கும். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவேன்.

பிறகு சண்டை முடிந்தது. வட்டையைப் பார்த்து வருவோம் என்று உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே வைத்துச் சொல்லிவிடுவதென்று முடிவு. மலையையும் குளத்தையும் நேரில் காட்டிவிட்டு உறையை நீட்டினால் உனக்குக் கோபம் வராது என்று நினைத்தேன்.

போனால் வட்டையைக் காணவில்லை. வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத பற்றைக்காடு. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை ஒன்று மட்டும் நல்ல நிறத்தில் நின்றது. வீதியை விட்டு இறங்காமல் நின்றோம். நான் சேட்டுப் பையில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். நீ நெற்றியில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாய்.

“மெய்தான் மச்சான். அதே மலை.” கையை இறக்கிவிட்டு, “பனி மட்டும் இல்ல” என்றாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டு களவை ஒப்புக்கொண்டால் நடிப்பு என்று நினைப்பாய். அதனால் அன்றைக்கும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பாலத்தடியில் சோதனை. சிப்பாய் என் அட்டையை உறையிலிருந்து வெளியே இழுத்தான். அதுவரை எந்தச் சாவடியிலும் ஒருவரும் இழுத்ததில்லை. “மொகக்த மே?” இதென்ன என்று கேட்டான், விரல் மலையின் மேல். இரகசிய வரைபடம் என்று நினைத்தானோ, மற்றவனையும் கூப்பிட்டான். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடம் ஆற்றோடு போய்விட்டது. நீ இறங்கி வந்து, எட்டிப் பார்த்து, நிதானமாகச் சொன்னாய்: “மகே. மம துன்னே.”

என்னுடையது, நான்தான் கொடுத்தது. அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும்.

பாலத்தைத் தாண்டினோம். பிறகு என் காதுக்குப் பின்னால் தொடங்கினாய்.

“அண்டைக்குக் காலம நான் கேக் தரவா வந்தனான் எண்டு நினைச்சாய்?”

“ஓம்.”

“உன்ட சேட்டைப் பிடிச்சு உலுப்ப வந்தனான் மென். கொப்பியைத் திறக்கிறன், பக்கம் வெறுமை. வீட்டில நிண்டது நீயும் பூனையும்தான். நத்தாருக்கு அடுத்த நாள் ஒருத்தன்ட வீட்ட வெறுங்கையோட போக ஒண்ணா. அதால கேக்.”

மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

“ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் எண்டா நான் கட்டில்ல” என்றாய். கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சிய அந்த வீட்டின் கட்டில்.

“தெரிஞ்சுகொண்டா இவ்வளவு நாளும் கேக்காம இருந்த நீ? கடல்ல எண்டு சத்தமா வேற சொல்ல வச்ச நீ?”

“இழுத்தாக் கிழியும் மச்சான். ஊற விட்டன்.”

சிரித்தோம். வீதியில் போன மாட்டுக்காரன் நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்: “பொஞ்சாதிக்குக் காட்டிப்போட்டுத் திருப்பித் தரத்தானே எடுத்த நீ?”

“ஓம்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். நீயே வச்சுக்கொள்.”

கடலுக்குத் தப்பிய நீ இரண்டு மாரிக்குப் பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சலில் போனாய். சேமக்காலையில் பெட்டியை இறக்கும்போது என் கை பைக்குப் போனது. அட்டையோடு சேர்த்துப் போட்டால் நான் வீடு போய்ச் சேர முடியாதே என்று கையை எடுத்துவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்த யோசனை வந்தது, பார்.

நேற்று முத்திரை வந்தது. நீ சொன்னதுபோல் தானாக வந்தது, விளிம்பில் ஒரு பல்லுக்கூட முறியாமல். ஈர அட்டையை அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன். அவள் இரண்டு விரலால் வாங்கினாள். மகள் கோபம் ஆறி வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது நம்மட வட்டையல்லவா அப்பா?”

இப்போது அங்கே மறுபடியும் நெல்லு நிற்கிறது, மச்சான். அவள் கண்டிருக்கிறாள்.

உன் கொப்பியை உன் தங்கச்சி என்னிடம்தான் தந்துவிட்டுப் போனாள். பென்சில் சதுரம் அழியவில்லை. காய்ந்த முத்திரையை அதற்குள் வைத்துப் பார்த்தேன். அளவு சரி. ஆனால் பசையைத் தொட்ட விரலோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறேன், இந்த மடலை எழுதிக்கொண்டு. கேட்டிருந்தால் நீ தந்திருப்பாய். தந்திருந்தால் மறுநாள் காலை என் படலைக்கு வந்திருக்கமாட்டாய். அதை நினைக்கும்போதெல்லாம், பாலத்துக்கு இப்பால் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன அந்த “ஓம்” மறுபடியும் காதில் கேட்கிறது. திருப்பித் தரும் எண்ணம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை, மச்சான்.