பொதுச்சுவர் மேல் மூன்றடுக்கு

மாசி 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஆனால் என் முற்றத்தில் இல்லை. கூழ் வடகம் இரண்டு பாய் பிழிந்துவிட்டு வெயிலுக்காகப் பத்தரை மணி வரை காத்திருந்தேன். போன மாசியில் ஏழு மணிக்கே வெயில் விழுந்த இடம். இப்போது விழுவது கீழவீட்டு நிழல்.

அந்த வீட்டைக் கட்டுகிறவன் தேவசகாயம், என் கொழுந்தன் மகன். பெயர் நீளம், இனி தே. என்று எழுதுகிறேன். பஞ்சு வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்டான். ஓட்டு வீட்டை இடித்து மூன்றடுக்கு மச்சு வீடு எழுப்புகிறான். இரண்டு அடுக்கு முடிந்தது. மூன்றாவதற்குச் சுவர் இடுப்பளவு.

இந்த ஊருக்கு மில் சங்கு வந்தபின் எல்லோருக்கும் மேலே ஏறுகிற வியாதி. பஸ் போகிற தெருவில் மட்டும் நாலு மச்சு வீடு. எனக்குத் தோன்றுவது:

மேலே குடியிருப்பவனுக்குத் தண்ணீர் சுமப்பது யார்? பெண்கள்.

மேல் சன்னல் எங்கே பார்க்கும்? அடுத்தவள் குளிக்கிற இடத்தை.

சிமிண்டுத் தரை. வயசானவள் வழுக்கி விழுந்தால் இடுப்பு மிஞ்சாது.

படி ஒரு ஆள் அகலம். மேலே ஒருவர் செத்தால் பெட்டியை எப்படி இறக்குவது? மருமகள் எஸ்தரை விட்டுக் கேட்டேன். "பெரியம்மா வாயில நல்ல வார்த்தையே வராதா" என்றானாம். கேட்டதற்குப் பதில் இல்லை.

நல்லதும் ஒன்று எழுத வேண்டும். இரும்புக் கர்டரைக் கரையான் தின்னாது.

மாசி 11, புதன்

காற்று. சுண்ணாம்புத் தூள் சாம்பார் வரை. எஸ்தருக்கு இருமல்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பொதுச்சுவரை அவர்கள் இடிக்கவில்லை என்பதை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். மற்ற மூன்று பக்கமும் புது அஸ்திவாரம். இந்தப் பக்கம் மட்டும் பழைய சுவர் மேலேயே கர்டரை வைத்து ஏற்றியிருக்கிறார்கள். எஸ்தர் போய் விசாரித்து வந்தாள். தே. சொன்னது:

"அந்தச் சொவரத் தொட்டா பெரியம்மா ஊரக் கூட்டிருவாவ. முப்பது வருசத்துக் கதையெல்லாம் வெளிய வரும். மூணடிக் கனத்துக் கல்லுச் சொவரு, கோட்டை மாதிரி நிக்கி. கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

கோட்டைதான். எதன் மேல் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் அப்போது தொட்டிலில்.

அந்தச் சுவரின் நடுவில் கிணறு இருந்தது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது வீட்டை இரண்டாக்கினார்கள், கிணற்றை இரண்டாக்க முடியவில்லை. பாதி இங்கே, பாதி அங்கே, மேலே வளைவு கட்டிச் சுவர். இரண்டு பக்கமும் இறைத்தோம். பிறகு ஊற்று வற்றி வெறும் சேறு. கிணற்றை மூடினால் குடும்பம் துலங்காது என்று ஊரில் பேச்சு. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள், நம்பக் கூடாது. ஆனால் இரண்டு பேருக்கும் பயம். கூலிக்கு ஆள் வைக்காமல் தாங்களே மண்ணைக் கொட்டி மூடி, வளைவை அடைத்து, இருபுறமும் தளம் போட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். இருவரும் போய்விட்டார்கள். தெரிந்தவர்களில் மிச்சம் நானும், தே.யின் அம்மா கீழவீட்டுக்காரியும்.

அவள் பெயரை இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுதுவதாகவும் இல்லை.

அறுப்பின் பண்டிகையன்று, வேதக்கோயில் வாசலில், நான் பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தேன். அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த, தண்ணீர் இறைக்கிற செப்புத் தோண்டி காணாமல் போயிருந்தது. "அக்காதான் எடுத்திருக்காவ, அவுக கண்ணு அதுமேலதான்" என்று அத்தனை பேர் முன்னால். போதகர் அம்மா கூட நின்றாள். என் வீட்டுக்காரரே ஒரு ராத்திரி என் பெட்டியைத் திறந்து பார்த்தார். கிணற்றுக்குள் பாருங்கள் என்று நான் சொன்னேன். உள்ளே விஷக்காற்று என்று எவனும் இறங்கவில்லை. அடுத்த மாதம் மூடிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம்.

சாயங்காலம் சுவரில் என் பக்கம் மயிர் அளவு விரிசல் கண்டேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கஞ்சி தடவிக் குறுக்கே ஒட்டினேன். கொத்தனார்கள் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

மாசி 14, சனி

தாள் நடுவில் கிழிந்துவிட்டது. விரல் நகம் நுழைகிறது.

ஒருவரிடமும் சொல்லவில்லை. விழட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

மிளகாய் அரைக்க எஸ்தர் போனாள். பின்கதவு வழியாகக் கீழவீட்டு முற்றம் தெரிந்தது. அவளைக் கயிற்றுக் கட்டிலில், பொதுச்சுவரை ஒட்டி நிழலுக்குப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு வருஷமாக நினைவு தடுமாற்றம். சில நாள் மகனையே "அண்ணாச்சி" என்கிறாளாம். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, சாப்ட்டியளா?"

திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று. இல்லை. என்னைத்தான்.

உள்ளே வந்து கதவை அடைத்தேன். அவள் சண்டையை மறந்துவிட்டாள். நான் ஒருத்தி மட்டும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சோறு இறங்கவில்லை.

மாசி 15, ஞாயிறு

திருவிருந்துக்கு முன்னே போகவில்லை. முழங்கால் வலி என்று எஸ்தரிடம் சொன்னேன். வலி இல்லை.

ஆராதனை முடிந்ததும் தே.யை வாசலில் நிறுத்தினேன். நானாக அவனிடம் பேசுவது அவன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல்.

"ஏலே, சொவருக்கு அடியில கெணறு கெடக்கு. மேல ஏத்தாத. உங்க அம்மை கட்டில மொதல்ல மாத்திப் போடு."

"எந்தக் கெணறு பெரியம்மா?"

சொன்னேன். யார் மண் கொட்டினார்கள், எத்தனை நாள், என்ன கிழமை, எல்லாம். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டுவிட்டு மத்தியானம் வந்தான்.

"கெணறே கெடையாதுங்காவ எங்க அம்மை."

"அவளுக்கு நேத்துத் தின்ன சோறு ஞாபகம் இருக்காலே?"

"உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, எனக்கு அதுதான் பயமா இருக்கு. மூணாவது அடுக்கு வரப்படாது, அம்புட்டுதான உங்களுக்கு? அந்தத் தோண்டிக் கதைக்காக எங்க வீட்டுக்குக் கீழ குழி பறிக்கச் சொல்லுதியளாக்கும்."

கூலி வாங்க வந்திருந்த வேலையாட்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவும் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் வராது என்று இதுவரை நினைத்திருந்தேன். குறித்து வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நல்லதுக்குச் சொல்கிறாள் என்று யார் நம்புவார்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாம் தாள் ஒட்டினேன்.

மாசி 17, செவ்வாய்

இரண்டாம் தாளும் போச்சு.

பெரிய கொத்தனார் மாடசாமி காய்ச்சலில் இரண்டு வாரமாக வரவில்லை. அவர் ஆட்கள் மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எட்டு மணி பஸ்ஸில் நானும் எஸ்தரும். பஸ்ஸில் ஆட்டுக்குட்டி. எஸ்தருக்கு வாந்தி.

இறங்கியதும் கோபுரம். அதை வேதக்காரி நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. பார்த்தேன். கழுத்து வலித்தது.

கொத்தனார் போர்வையோடு வந்து உட்கார்ந்தார். சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மாடி மேல் மாடி என்ன ஆசை ஐயா என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல கோவுரத்த மிஞ்சி எவனும் எழுப்ப மாட்டான் ஆச்சி, கை நடுங்கும். உங்க ஊர்ல அண்ணாந்து பாத்துப் பயப்பட ஒண்ணும் இல்ல. அதான் ஏறிக்கிட்டே போறாக."

விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறவில்லை. இவரும் நம்பவில்லை என்று தெரிந்தது. தே. என்னைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருக்கிறான்.

"தடயம் ஏதும் உண்டா ஆச்சி?"

அப்போதுதான் நினைவு வந்தது. இத்தனை நாள் அதன் மேல்தான் துணி துவைக்கிறேன்.

"என் துவைகல்லு, அந்தக் கெணத்துக் கைப்பிடிச் சொவரு மேல இருந்த கல்லு. கயிறு அறுத்த தடம் ஏழு இருக்கு. நாலு ஆழம், மூணு மேலாப்புல."

போர்வையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பழைய சொவர் மேல மூணு அடுக்கா? எங்கிட்ட ரெண்டுன்னுல்ல சொன்னாக."

நாளை வருகிறேன் என்றார்.

மாசி 18, புதன்

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். துவைகல்லைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு தடத்திலும் விரலை வைத்துப் பார்த்தார். கிழிந்த தாள் இரண்டையும் பார்த்தார்.

தே. ஓடிவந்தான். "எங்க பக்கம் ஒரு தட்டுத் தட்டப்படாது கொத்தனாரே. பங்குனியில வீட்டு ஜெபம் வச்சிருக்கேன்."

"உங்க பக்கம் யாருலே தொட்டா?" என்றேன். "என் வீட்டு முத்தம், என் தளம். கொத்தனாரே, இங்கன உடைங்க."

என் வீட்டுக்காரர் தம் கையால் போட்ட சுண்ணாம்புக் காரைத் தளம். நான் தினமும் கழுவுகிற இடம். உடைத்தார்கள்.

கடப்பாறை முதல் குத்தில் கல். இரண்டாவதில் செம்மண். மூன்றாவதில் சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் உள்ளே போய் நின்றது. குத்தினவன் கையை எடுத்துவிட்டான். அது தானாக இன்னும் ஒரு சாண் இறங்கியது.

கொத்தனார் மேலே பார்த்து, "ஏலே, எல்லாவனும் கீழ எறங்குங்க. கரண்டியப் போட்டுட்டு எறங்குங்கலே" என்று கத்தினார்.

தே. அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிலோடு இழுத்தான்.

மாசி 20, வெள்ளி

வெயில். பனங்கட்டை முட்டுக் கொடுத்துச் சுவரை நிறுத்தியாச்சு. மூன்றாம் அடுக்குச் சுவரைப் பிரித்து இறக்குகிறார்கள். கெட்டிக் களிமண் வரும்வரை கிணற்றைத் தோண்டிக் கல்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்ப வேண்டும், இரண்டு அடுக்குக்கு மேல் கிடையாது என்று கொத்தனார் தீர்த்துச் சொல்லிவிட்டார். விளக்கை இறக்கிப் பார்த்தபின்தான் ஆளை இறக்குகிறார்.

தே. என் பக்கம் வந்து நின்றான்.

"பெரியம்மா, தளத்த நான் புதுசாப் போட்டுத் தாரேன். சிமிண்டுல."

"காரைதான் வேணும்."

"சரி, காரை."

மோர் கொடுத்தேன்.

மாசி 26, வியாழன்

நாலு ஆள் ஆழம் வெட்டியாச்சு. உடைந்த பானை, ஒரு செருப்பு, ஆட்டுக்கொம்பு. பிறகு கறுப்புச் சேறு. பதினொரு மணிக்குக் கீழே இருந்தவன் குரல் கொடுத்தான். கூடையில் வந்தது.

களிம்பு ஏறிப் பச்சையாக, ஒரு பக்கம் நசுங்கிய செப்புத் தோண்டி. கழுத்தில் கயிறு இல்லை. புளி வைத்து நானே தேய்த்தேன். எஸ்தர் கேட்டாள், கொடுக்கவில்லை. தாய்வீட்டில் வெட்டின பெயர் ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது.

எடுத்துக்கொண்டு கீழவீட்டுக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியதை முப்பத்தொரு வருஷமாக மனசில் அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் வார்த்தை என்ன, அடுத்தது என்ன, எல்லாம் தயார். தே. இருந்தான். அவன் பெண்டாட்டி இருந்தாள். கொத்தனாரும் இருந்தார்.

தோண்டியைக் கண்டதும் அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"அக்கா, என் தோண்டி! புதுப்பட்டியில எங்கம்மா என் பேரு வெட்டித் தந்தது. எங்கக்கா கெடந்துச்சு?"

"கெணத்துல."

அவள் என்னைக் கிட்டே இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"முடிச்சு நழுவிட்டுக்கா. நாந்தான் சரியாப் போடல. அத்தை ஏசுவாகன்னு பயந்து வாயத் தொறக்கல. நீங்களும் அத்தைகிட்டச் சொல்லிராதீயக்கா."

அத்தை, எங்கள் மாமியார், செத்து இருபத்தாறு வருஷம்.

தே. காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான். கொத்தனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அவள் என் கையை விடவில்லை. உள்ளங்கை வேர்த்திருந்தது. நிஜமாகவே பயந்துகொண்டிருந்தாள்.

தோண்டியை அவள் மடியில் வைத்தேன்.

"சொல்ல மாட்டேன், ரெபெக்கா" என்றேன்.

மாசி 28, சனி

மேகம் இல்லை. இரண்டு பாய் வடகம். தே. வந்து அவர்கள் மொட்டைமாடியில் காயப்போடச் சொன்னான், அங்கே நாள் முழுக்க வெயிலாம். படி முப்பத்திரண்டு. இப்போதும் அகலம் குறைவுதான், சொல்லிவிட்டு ஏறினேன். மேலே நல்ல காற்று. வடக்கே கண்ணை இடுக்கினால் வில்லிபுத்தூர்க் கோபுரம், நகக்கண் அளவு.

என் முற்றம் இங்கிருந்து முழுசாகத் தெரிகிறது. குளிக்கிற இடத்துக்கு ஓலைத் தட்டி கட்டச் சொல்ல வேண்டும்.

ரெபெக்காளையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நிழலில் உட்கார வைத்தார்கள். காக்கை ஓட்டினாள். "அக்கா, சாப்ட்டியளா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சாப்பிட்டேன் என்றேன்.