முன்சீட்டில் டெல்பின்

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை.

பாசமுள்ள அத்தானுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் மகளும் இங்கே சுகம். கடலில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறப்போகிற டெரன்ஸ் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் டெல்பின் என் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத செய்தியும் இதில் இருக்கிறது.

நீங்கள் படம் அனுப்பிய அந்தப் பெரிய காரைச் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தோம். பழைய உருவத்தை அடியோடு மாற்றிவிட்டார்கள். பிரேமா அக்கா வீட்டில் நிற்கிற பழைய மாடல் பெட்டி மாதிரி இருக்கும். இது கரையேற்றி வைத்த புது வள்ளம் மாதிரி நீளமாக, தாழ்வாக நிற்கிறது. நீங்கள் ஏன் ஆசைப்பட்டீர்கள் என்று பார்த்ததும் விளங்கிவிட்டது.

நல்லதை முதலில் எழுதுகிறேன். டிக்கியில் டெல்பினின் வீல்சேர் சக்கரத்தைக் கழற்றாமலே போய்விடுகிறது. அதன் பக்கத்தில் உங்கள் கப்பல் பெட்டியையும் வைக்கலாம். ஷோரூமில் வேலை செய்யும் சந்தனச்செல்விதான் வண்டியை ஓட்டிக் காட்டினாள். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் உரசுகிற மாதிரி போயின. உள்ளே நாங்கள் மெல்லப் பேசியதுகூடத் தெளிவாகக் கேட்டது. வேகத்தடையில் அடி தட்டவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், அவளும் பார்த்துத்தான் ஏற்றினாள். நாலைந்து பேர் உட்கார்ந்தால் எப்படியோ தெரியாது.

இனிக் குறை. கூரையைப் பின்பக்கம் சரித்துவிட்டார்கள். பார்க்க அழகுதான். டெல்பினைத் தூக்கிப் பின்சீட்டில் வைக்கும்போது அவள் நெற்றி மேலே இடித்துவிட்டது. சீட்டும் பள்ளத்தில் இருக்கிறது. ஜன்னல் உயரத்துக்குப் போய்விட்டது. போகும்போது, “ஏளா, வெளிய என்ன தெரியுது?” என்று கேட்டேன். “வானம் தெரியுதும்மா” என்றாள். திரும்பி வந்து அவளை வெளியே தூக்கச் சந்தனச்செல்வியும் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கப்பல் ஏறும்போது ஒரு கையில் அவளைத் தூக்கிக்கொண்டு மறு கையால் கதவைத் திறந்தீர்கள். ஒன்பது மாதத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டாள், அத்தான். பிறந்ததிலிருந்து காலில்தான் பலமில்லை. நீட்டிப் படுத்தால் என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாயங்காலம் நான் முதுகில் தைலம் தேய்ப்பதை அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள்.

சந்தனச்செல்வி விலைப்பட்டியல் எடுக்கப் போனபோது டெல்பின் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அப்பாட்ட நல்லாருக்குன்னே சொல்லுங்கம்மா. ஆசப்பட்டுக் கேக்காங்க. நான் தலைய நல்லா குனிஞ்சிக்கிடுதேன்” என்றாள்.

அந்தப் பெண் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் போல. முன்கதவை அகலத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். சீட் மெல்ல மேலே வந்து வீல்சேர் மட்டத்துக்கு நின்றது. நாற்காலியை ஒட்டி நிறுத்தி, சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டு, “பாப்பா, நீயே ஒருக்கா ஏறிப் பாக்கியா?” என்றாள். நான் கையை நீட்டினேன். “விடுங்கம்மா” என்றாள் உங்கள் மகள். கையை ஊன்றி, நகர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். பதினொரு வருடத்தில் அவள் வண்டி ஏறும்போது நான் சும்மா நின்றது அன்றுதான்.

இன்னொரு சுற்றுப் போகச் சொன்னோம். கடற்கரைச் சாலையில் யார் யார் வள்ளம் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

ஆகவே அத்தான், வண்டி வாங்கலாம். அவள் முன்னால் இருக்கட்டும். பின்சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்கு வானம் போதும். ஆனால் மேல் மாடலுக்காக இன்னும் நாலு மாதம் கப்பலில் இருக்கக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்களே, அது வேண்டாம். கூரையில் திறக்கிற கண்ணாடியும் பெரிய திரையும்தான் அதில் கூடுதல். ஏறி இறங்குகிற அந்த சீட் நடு மாடலிலேயே உண்டு. இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து டெல்பின் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் தானே நகர்ந்து பழகுகிறாள். நான் கிட்டே போனால் கோபம் வருகிறது. நேற்று சரிந்துவிட்டாள். நான் நின்ற பக்கமாகச் சரிந்ததால் பிடித்துவிட்டேன். நாற்காலிக்கு மறுபக்கம் நின்று பிடிக்க ஆள் இல்லை, அத்தான்.

பனிமய மாதா உங்களைக் காற்றிலும் அலையிலும் காத்து, முதலில் சொன்ன தேதியிலேயே கரை சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
ஆக்னஸ்