அப்பாவின் இருமல் மருந்து

அன்பு மகன் சியாக்காவுக்கு, அம்மா மாஸா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெபே எழுதுவது. உன் உடம்புக்கும் ரப்பர் தோட்டத்து வேலைக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கே நானும் ஜெபேயும் இருக்கிறோம். இதற்கு மேல் நீ வாசிக்காதே. தாளை அடுத்த அறை மொமோலு மாமாவிடம் கொடு. கரையோரப் பேச்சில் இழுத்து இழுத்து வாசிப்பார், சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

நெல் அறுப்பு முடிந்தது, குருவி தின்றது போக நமக்குப் போதும். நீ அனுப்பிய இருமல் மருந்தை லாரிக்காரன் கொடுத்தான். அப்பாவுக்குக் காலையும் மாலையும் கொடுக்கச் சொல்லியிருந்தாய். இருமல் குறைந்திருக்கிறது என்று வார்னி பெரியப்பா பதில் எழுதினார், பக்கத்திலிருந்த நானும் தலையாட்டினேன். மகனே, அந்தப் புட்டியை யாரும் திறக்கவில்லை. மருந்து வரும் முன்பே, உடம்பு சரியில்லை என்று உனக்கு எழுதும் முன்பே, உன் அப்பா இறந்துவிட்டார். பள்ளிவாசலுக்குப் பின்னால் அடக்கம் செய்தோம்.

பெரியப்பாவைத் திட்டாதே. உள்ளதை எழுதுங்கள் என்று அன்றைக்கே கெஞ்சினேன். நம்ம ஊர் எழுத்துல சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது, வாய்விட்டுப் படிச்சாத்தான் பிடிபடும், அப்பன் செத்ததைப் பிள்ளை தன் வாயாலேயே சொல்லணுமா, உடம்பு சரியில்லன்னு எழுதுறேன், ஓடி வந்துடுவான் என்றார். நீ வராமல் மருந்து அனுப்பினாய். சரி, நானே போய்ச் சொல்றேன் என்று பெரியப்பா வெள்ளிக்கு வெள்ளி கிளம்புகிறார், கால் வீங்கித் திரும்பப் படுத்துவிடுகிறார். நாற்பதாம் நாள் நெருங்கிவிட்டது. மூத்த மகன் இல்லாமல் அந்தச் சோற்றை நான் யாருக்கு எடுத்துப் போடுவேன்? புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டினதுதான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிப் பாடம் என்று சொல்லி, விளக்கைத் தாழ்த்தி ஜெபே எழுதுகிறாள். கோழி கிளறின மாதிரி எழுதுறேடி என்று அப்பா கேலி செய்வாரே, அந்தக் கைதான். சுவருக்கு அப்பால் பெரியப்பா புரண்டால் பேனாவை ஒளித்துவிடுகிறாள். அதனால் வாசித்துக் காட்டச் சொல்லாமலே அனுப்புகிறேன்.

அடுத்த லாரியில் வந்துவிடு. பெரியப்பா சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேள். வழியில் பட்டினி கிடக்காதே. அப்பாவின் துஆவும் என்னுடையதும் உன்னோடு இருக்கும்.

உன் அம்மா, மாஸா.

அண்ணா, அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவைப் பற்றிய வரி சரியாக வந்திருக்கிறதா என்று மெல்ல வாய்விட்டுப் படித்தேன். பிழையில்லை. அதைத் தன் வாயால் சொன்ன பிள்ளை நானாகிவிட்டேன். பயமாக இருக்கிறது, வந்துவிடு. ஜெபே.